அரிசி மூட்டைமேல் வந்தவர்

அக்கா,

இன்று காலை உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். தோய்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாம்பைக் காணவில்லையாம். மூன்றாம் மாடியில் இருக்கிற பெட்டை வளர்க்கும் பாம்பு. படம் போட்டு, பெயர் போட்டு, "பயப்படாதீர்கள், அவள் யாரையும் கடிக்கமாட்டாள், கண்டால் எந்த நேரமென்றாலும் என் மணியை அடியுங்கள்" என்று எழுதி, கீழே ஒரு இதயமும் கீறியிருந்தாள். அதைச் சுற்றி இந்தக் கட்டிடத்துச் சனம் ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருந்தது. ஐயோ பாவம், கெதியில் கிடைக்கட்டும், நாங்களும் தேடுகிறோம், இப்படி. ஈர உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்தபடி முழுவதையும் வாசித்தேன். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. இப்போது எனக்கு இந்த ஊர் டொச் மொழி அப்படி ஓடுகிறது. ஆனால் வயிறு எரிந்தது அக்கா. ஒரு பாம்புக்கு இந்த ஊரில் இவ்வளவு அன்பு கிடைக்குமென்றால் அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்த அன்பெல்லாம்?

பின்னேரம் அந்தப் பெட்டையே வந்து கதவைத் தட்டினாள். பாம்பு சூடான இடம் தேடிப் போகுமாம், உங்கள் குசினியில் குழாய் வருகிற பக்கம் ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டாள். சப்பாத்தைத் தானாகவே வாசலில் கழற்றினாள். "உங்கள் வீடுகளில் இப்படித்தானே," என்று சிரித்தாள். நல்ல பிள்ளை. அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளாக வேலை செய்கிறாளாம். அவள் என் குசினி அலுமாரித் தட்டுகளுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று அவளிடம் ஒன்று கேட்டேன். இத்தனை வருடமும் யாரிடமும் கேட்காத கேள்வி. அவள் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போனது மாசியில். இப்போது வைகாசி. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?

எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய வீடு உங்களுக்கு மறந்திருக்காது. எண்பதுகளின் நடுப்பகுதி. இவருக்கு இரும்பு உருக்குகிற இடத்தில் வேலை. மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம், உங்களுக்கு ஒரு சின்ன அறை தந்தோம். உங்களை இங்கே கூப்பிட்டெடுத்த உங்கள் தம்பி இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் நின்றார். அங்கே வேலையாட்கள் தங்குகிற இடம் ஆம்பிளைகளுக்கு மட்டும் என்றபடியால் உங்களைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். மட்டக்களப்பு மனிசி, யாழ்ப்பாணத்து வீட்டில் எப்படி ஒத்துப்போவா என்று இவர் முணுமுணுத்தார். 'பிறகு' என்று நாங்கள் சொல்லுகிற இடத்தில் எல்லாம் நீங்கள் 'மறுகா' என்பீர்கள். அதைச் சொல்லிக்காட்டி நான் உங்களை எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன். நீங்கள் கோபித்ததே இல்லை.

வந்த அன்று எனக்கு முதலில் தெரிந்தது உங்கள் பொட்டுத்தான். பெருவிரலால் அமத்தி வைத்த குங்குமம். ஊரில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் உங்கள் அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த முகாம் என்று தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. கேட்டுப் போன இடமெல்லாம் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்ற ஒரே பதில். காலையில் முகம் கழுவியதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டை வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கே வருவீர்கள். "இது இருக்கும் மட்டும் அவர் இருக்கார் புள்ள," என்று ஒருநாள் சொன்னீர்கள். வேறொன்றையும் நீங்கள் இறுகப் பிடித்திருந்து நான் காணவில்லை. சோறும் பாதிதான் சாப்பிடுவீர்கள்.

முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் உங்களுக்குச் சட்டி கழுவுகிற வேலை கிடைத்தது. பனிக்காலம் தொடங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து தலைக்குத் தோய்ந்துவிட்டு, சோறு போட அரிசி எடுக்கப் போனீர்கள். அரிசி மூட்டையை ஈரம் பிடிக்காமல் இருக்கட்டுமென்று சூட்டுக்குழாய் ஏறிவருகிற அலுமாரியின் அடித்தட்டுக்குள்தான் வைத்திருந்தோம். நீங்கள் கையை உள்ளே விட்டீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் நிலத்தில் முழங்காலில் நிற்கிறீர்கள், இரண்டு கையும் தலைக்கு மேலே. மூட்டையின்மேல் செம்மஞ்சள் நிறத்தில், பெரிய பெரிய புள்ளிகளோடு, சுருண்டபடி கிடந்தது. தலையை மட்டும் மெல்லத் தூக்கி உங்களைப் பார்த்தது.

நான் போட்ட கூச்சலில் இவர் ஓடிவந்தார். "உதென்ன கோதாரியடி! அந்தத் தும்புத்தடியை எடு!" என்று கத்தினார்.

நீங்கள் எழும்பித் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டீர்கள். "என்ன அடிச்சிட்டு மறுகா அத அடிங்க தம்பி."

"அக்கா, விசர்க்கதை கதையாதேங்கோ. பாம்பு!"

"பாம்பா? வெளியில பனி கொட்டுது. இந்தக் குளிருக்க எங்க இருந்து பாம்பு வரும்? யோசிச்சுப் பாருங்க. இது பாம்பில்ல."

இவர் யன்னலால் வெளியே கொட்டுகிற பனியைப் பார்த்தார். பனி மூடிக்கிடக்கிற ஊரில், பூட்டிய வீட்டில், வெள்ளிக்கிழமை பார்த்து ஒரு பாம்பு அரிசி மூட்டையில் ஏறி இருந்தால் அதை என்னவென்று சொல்வது? நீங்கள் இங்கே வருவதற்கு முன்னமே நாகதம்பிரானுக்கு நேர்ந்திருந்தீர்களாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் எனக்கு ஒரு அடையாளம் காட்டு, எந்தத் தேசத்தில் நான் இருந்தாலும் காட்டு என்று. அதை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னீர்கள், அழுதழுது, சிரித்துச் சிரித்து. பாம்பை வளர்க்கிற மனிசர் உலகத்தில் இருப்பார்கள் என்பதே எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது அக்கா. ஊரில் ஒன்றில் அடிப்பார்கள், இல்லாவிட்டால் கும்பிடுவார்கள். பெட்டியில் போட்டுத் தீனி கொடுத்துப் பெயரும் வைத்து வளர்ப்பார்கள் என்று யார் கண்டது!

பிறகு வந்த சில நாளும் அந்தத் தட்டுத்தான் எங்கள் கோயில். சின்னக் கிண்ணத்தில் பாலும், ஒரு தட்டத்தில் முட்டையும் வைத்தீர்கள். கர்ப்பூரம் காட்டினீர்கள். முதலில் தூர நின்று கும்பிட்டவர், பிறகு பயம் தெளிந்து, அதன் தலையில் ஒரு சிட்டிகை குங்குமம் வைத்தீர்கள். அதுவும் வாலை ஆட்டாமல் வைக்கவிட்டது. காலையில் கிண்ணத்தில் பால் குறைந்திருப்பதைக் காட்டி, "குடிச்சிருக்கார் பாத்தியா!" என்பீர்கள். சூட்டுக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்த பால் வற்றத்தானே செய்யும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். நீங்கள் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டீர்கள். உங்கள் அவர் தாளம் தப்பிப் பாடுகிற விதத்தைப் பாடிக்காட்டி என்னைச் சிரிக்க வைத்தீர்கள். உங்களோடு இத்தனை வருடம் பழகியதில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

கீழே வாசற்கதவில் அப்போதும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படம் இல்லை, வெறும் எழுத்து. "குப்பை போடுற விசயமா இருக்கும், வேற என்னத்தை எழுதப்போறாங்கள்," என்றார் இவர். இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்த அறிவித்தல்கள் இரண்டுதான், ஒன்று குப்பை, மற்றது தோய்க்கிற முறை. நாங்கள் தாண்டித் தாண்டிப் போனோம்.

அதற்குள்தான் கீழ்வீட்டு மனிசன் மேலே ஏறி வந்தார். தனி ஆள். படியில் கண்டால் எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர். அன்று கதவைத் திறந்தால் முகம் வெளுத்து நிற்கிறார். தேவாலயத்தில் நடந்த வகுப்பில் நான் கொஞ்சம் டொச் படித்திருந்தேன், ஆனால் அவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கையை நெளித்து நெளித்துக் காட்டினார். அப்போதுதான் அவர் பாம்பைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தவா, உள்ளே விடவா என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, நீங்கள் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தீர்கள். அந்தக் கை நெளிவைக் கண்டதும் உங்கள் முகம் அப்படி மலர்ந்தது.

"இவருக்கும் தெரிஞ்சிட்டுப் போல. கும்பிட வந்திருக்கார். உள்ள வரச் சொல்லு புள்ள. சப்பாத்த மட்டும் கழட்டச் சொல்லு."

நீங்களே குனிந்து அவருடைய சப்பாத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். அந்த மனிசனும் என்ன ஏதென்று விளங்காமல் கழற்றினார், பாம்பு கிடைத்தால் போதும் என்று. காலுறையோடு உங்கள் பின்னால் குசினிக்கு வந்தார். நீங்கள் தட்டைத் திறந்து, ஒதுங்கி நின்று, கையைக் கூப்பினீர்கள்.

அரிசி மூட்டை. அதன்மேல் பாம்பு. பக்கத்தில் முட்டை, பால். பாம்பின் தலையில் சிவப்பு.

"இரத்தம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. "சூசி! சூசி!" என்று அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். உங்கள் நாகதம்பிரானுக்குப் பெயர் சூசி. சீ, இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பும் வருகிறது, காறித் துப்பவும் வருகிறது.

அவர் பொலிசைக் கூப்பிட்டார். வந்தவன் இளம் பொலிஸ்காரன். பாம்பின் தலையில் இருந்த சிவப்பை விரலால் தொட்டு, தேய்த்து, மணந்து பார்த்தான். இரத்தமில்லை, ஏதோ தூள் என்றான். பிறகு தட்டுக்குள் பார்த்தான். அரிசியைப் பார்த்தான், முட்டையைப் பார்த்தான், திரும்ப அந்தத் தூளைப் பார்த்தான். வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. "சமைத்துச் சாப்பிடப் போனீர்களா?" என்று கேட்டான்.

நீங்கள் என் சீலைத் தலைப்பை இழுத்தீர்கள். "என்ன கேக்கான்?"

"ஒண்டுமில்லை அக்கா. பாம்பு எப்பிடி வந்ததெண்டு கேக்கிறான்."

ஆனால் நான் மறைத்து என்ன? நீங்கள் வேலை செய்தது சாப்பாட்டுக் குசினியில். 'எஸ்ஸன்' என்றால் சாப்பிடுவது, நீங்கள் இந்த நாட்டில் படித்த முதல் சொல்லே அதுதான். உங்கள் முகம் சுருங்கிப்போனது. வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொடாத மனிசி நீங்கள். என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், அந்தப் பொலிஸ்காரனின் முகத்துக்கு நேரே நின்று, உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று சொல்லையும் பொறுக்கிச் சேர்த்தீர்கள்.

"நைன் எஸ்ஸன். கொட்."

சாப்பிட இல்லை. கடவுள். பொலிஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பகிடி கேட்டவன் போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது அக்கா. இப்போது இந்த ஊர்க்காரர் எங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். தமிழர் நல்ல வேலைக்காரர், அமைதியானவர், எங்கள் வயோதிபர்களை எவ்வளவு அன்பாகப் பார்க்கிறார்கள் என்று. அப்படி யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால், நான் அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பாம்பைக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு என்று ஒன்றும் வரவில்லை. இவருக்குத்தான் நடுக்கம். "இன்னும் விசா முடிவு வரேல்லை. உங்கட பக்தியாலை எங்களைத் திருப்பி அனுப்பப்போறாங்கள்," என்று உங்களைப் பார்த்துக் கத்தினார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வெறும் அலுமாரித் தட்டைத் துடைத்தீர்கள். ஆனால் பொட்டு இருந்தது. வளர்த்த பாம்பு என்று நான் எவ்வளவோ விளக்கிச் சொல்லியும் நீங்கள் தளரவில்லை. "வளத்ததெண்டா என்ன? அவன்ர வீட்ட விட்டுட்டு என்னட்டத்தானே வந்தது," என்றீர்கள்.

அடுத்த கிழமை அந்த மனிசன் மறுபடி வந்து கதவில் குத்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாம்பு செத்துப்போய்விட்டது. நீங்கள் கொடுத்த பால்தான் கொன்றது, பால், பால் என்று திரும்பத் திரும்பக் கத்தினார். அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாலுக்கு டொச்சில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் தினமும் பால் காய்ச்சிய சட்டியைச் சுரண்டியது நீங்கள்தானே.

குசினி யன்னலால் பார்த்தோம். பின்வளவில் உறைந்துபோன நிலத்தை அவர் அலவாங்கால் குத்திக் குத்திக் கிண்டினார். சப்பாத்துப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்து மூடினார். இரண்டு தடியைக் கட்டிச் சிலுவை ஒன்றும் நட்டார். குந்தியிருந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு பாம்புக்கு அழ ஆளிருந்தது, குழி இருந்தது, இன்ன இடம் என்று காட்ட ஒரு அடையாளமும் இருந்தது. உங்கள் அவருக்கு இதில் எது இருந்தது?

நீங்கள் யன்னலை விட்டுக் குளியலறைக்குப் போனீர்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாய், ஈரமாய் இருந்தது.

"அக்கா! என்ன செய்யிறியள்? கடையிலை வாங்கின பாம்பு அது! செத்தால் செத்ததுதான். அதுக்கும் அவருக்கும் என்ன?"

"வந்தத நம்பினன் புள்ள. மறுகா போனத நம்பாம விடேலுமா?" என்றீர்கள். பிறகு கையை விரித்துப் பார்த்துச் சொன்னீர்கள். "இந்தக் கையாலதானே பால் வச்சன்."

அன்றிலிருந்து நீங்கள் விதவை. யாரும் செய்தி சொல்லாமல், ஒரு துண்டுக் கடிதம் வராமல், உடலைக் காணாமல். கீழ்வீட்டுக்காரனின் பாம்பு செத்ததால் விதவை. நான் உங்களோடு சண்டை பிடித்தேன், கதைக்காமல் இருந்தேன், காலில் விழுந்தும் பார்த்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் முகாமிலிருந்து தப்பி இங்கே வந்தான். உங்கள் அவரோடு ஒரே அறையில் இருந்தவன். அந்தப் பனிக்காலம் போய், சித்திரை கழிந்தும், அவர் உயிரோடு இருந்ததைத் தன் கண்ணால் கண்டவன். பிறகுதான் வேறெங்கோ கொண்டுபோனார்களாம். அவன் கதைத்து முடிக்கமுன்னமே நான் ஓடிப்போய்க் குங்குமச் செப்பை எடுத்துவந்தேன். பாம்பு செத்தபோது அவர் சாகவில்லை, பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று. நீங்கள் என் கையைப் பிடித்து விலக்கினீர்கள்.

"இப்ப வச்சா இன்னொரு நாள் அழிக்க வேணும் புள்ள. இன்னொருக்கா என்னால ஏலாது."

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு ஆலாத்தி எடுக்க வாருங்கள் என்று கெஞ்சியபோது மட்டும் வாய் திறந்தேன். விதவை எடுக்கக்கூடாதென்று நீங்கள் மண்டபத்துக் குசினியில் நின்று பலகாரத் தட்டுகளை அடுக்கினீர்கள். அவளைப் பிறந்த நாளிலிருந்து தோளில் போட்டு வளர்த்தது நீங்கள். ஆலாத்தி எடுத்தது யாரோ தூரத்துச் சொந்தம். கடைசியில் படுக்கையிலும் அந்தப் பாலைத்தான் சொன்னீர்கள். தாதி கொண்டுவந்து வைத்த பால்கோப்பையைப் பார்த்து, "அத எடுக்கச் சொல்லு, யாரயும் கொல்லும்," என்றீர்கள். உங்களுக்கு மயக்கம் என்று அவள் நினைத்தாள்.

சரி, இன்றைக்கு அந்தப் பெட்டை சொன்னதைக் கேளுங்கள். பால் கொடுத்தால் பாம்பு சாகுமா என்றுதான் கேட்டேன். அவள் தட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, ஆச்சரியமாய்ப் பார்த்தாள். ஒரு கிண்ணம் பாலுக்குச் சாகாதாம். அநேகமாகக் குடித்தே இருக்காதாம். குளிருக்குள் அலைந்தால் சளி பிடித்து, ஒரு கிழமை பத்து நாளில் செத்துப்போகுமாம், தப்பி ஓடுகிற பாம்புகளுக்கு அதுதான் வருத்தமாம். "சூடான இடத்தில் வைத்திருந்தால் நீங்கள் அதற்கு நல்லதுதான் செய்திருக்கிறீர்கள்," என்றாள். நான் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கை ஒன்றும் செய்யவில்லை அக்கா. அந்தப் பாம்பு உங்கள் அரிசி மூட்டையில்தான் கடைசியாய்ச் சூடாய் இருந்தது.

அந்தப் பெட்டையின் பாம்பு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே கிடைத்துவிட்டது. உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சுருண்டு கிடந்ததாம். கட்டிடமே கைதட்டியது.

உங்களைத் தகனத்துக்கு அனுப்பிய நாளைப் பற்றியும் சொல்லவேண்டும், அது உங்களுக்குத் தெரியாதே. திரிம்பாக் கோயிலிலிருந்து ஐயர் வந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. ஐயர் சந்தனத்தைப் பூசிவிட்டு, குங்குமத் தட்டோடு நின்று கேட்டார். "அம்மாவுக்கு வைக்கிறதோ?" சனம் ஒருவரையொருவர் பார்த்தது. உங்கள் தம்பி நிலத்தைப் பார்த்தார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒருத்தரும் அந்த மண்டபத்தில் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு அரசாங்கமும் சொல்லவில்லை. பாம்பு ஒன்றுதான் சொன்னது.

நான் முன்னால் போனேன். "தாங்கோ ஐயா, நான் வைக்கிறன்," என்றேன். பின்னால் யாரோ மனிசி, "அதெப்பிடி?" என்று இழுத்தா. "இனி அழிக்கத் தேவையில்லை," என்றேன். பெருவிரலால், நீங்கள் வைக்கிற அளவில், அமத்தி வைத்தேன். அதோடுதான் உங்களை உள்ளே அனுப்பினோம்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். நகத்துக்குள் கொஞ்சம் சிவப்பு நின்று, நாலைந்து நாளில் அதுவும் போய்விட்டது. கோபம் போகவில்லை. சிரித்த பொலிஸ்காரனிலும், பால் என்று கத்தியவனிலும், லொறியில் ஏற்றியவர்களிலும், அடையாளம் காட்டிவிட்டுப் பறித்தவரிலும். நீங்கள் இருந்தால், "விடு புள்ள," என்பீர்கள்.

விடமாட்டேன் அக்கா.